நண்டும் நன்றும்



எனக்குப் படிப்பித்த பண்டிதர் ஐயாவின் பேரால் நடக்கும் சொற்பொழிவில் அவரைப் புகழ்ந்தே அரை மணித்தியாலம் போக்கலாம். அதைவிட அவர் சிவப்பு மையால் நிரப்பிய கொப்பிகளைப் பற்றிப் பேசினால் அவருக்குப் பிடித்திருக்கும்.

நாலாம் வகுப்பில் நான் எழுதியது: "மத்தியானம் நன்றுக் கறியும் சோறும் சாப்பிட்டோம்." வகுப்பு சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை. "ஏனடா இப்பிடி எழுதினனி?" என்றார். "ஒண்டு எண்டு எழுதினால் ஒன்று எண்டு திருத்துறியள், கண்டைக் கன்று ஆக்குறியள். அப்ப நண்டும் பிழைதானே, ஐயா?"

எங்கள் பேச்சில் 'ன்ற' வருகிற இடத்தில் 'ண்ட' வரும். அதற்காக எல்லா 'ண்ட'வையும் பிடித்து 'ன்ற' ஆக்க முடியாது. ஐயா அன்று அதை விளங்கப்படுத்தினார்; கொப்பியில் கோடு கீறவில்லை.

பிறகு சொல்வதெழுதுதலை விளையாட்டாக்கினார். "பாரையால் பாறையைப் பிளந்தவன் பாரை வாங்கப் போனான்." முதற் பாரை கிணறு வெட்டுகிற இரும்பு, கடைசிப் பாரை மீன், நடுவில் நிற்பது கல். இன்றைக்கும் சந்தையில் 'பாறை மீன்' என்று எழுதி வைக்கிறார்கள், பல்லுக்கு ஆபத்து. இன்னொன்று, "அந்த வாங்கை வாங்கு." இருக்கிற வாங்கு போர்த்துக்கேயர் விட்டுப்போனது, வாங்குகிற வாங்கு எங்களுடையது.

இனி எங்கள் துறைக்கு வருவோம். அதன் பெயரை 'ஊர்காவற்துறை' என்று எழுதுகிறவர்கள் பலர். தமிழில் 'ற்'க்குப் பின்னால் 'த' வராது. காவலும் துறையும் சேர்ந்தால் காவற்றுறை. ஆகவே ஊர்காவற்றுறை. இதை இலக்கணமாகச் சொல்லிவிடலாம். ஆனால் என் ஆச்சி 'ஊராத்துறை' என்பார். படிக்காதவவின் கொச்சை என்று நானே திருத்தியிருக்கிறேன்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. கா. இந்திரபாலா 1963இல் அதைப் பதிப்பித்தார். அதில் உள்ள பெயர் ஊராத்துறை! ஆச்சியைத் திருத்திய எனக்கு அந்தக் கல் போட்ட சிவப்புக் கோடு அது.

ஊராத்துறையில் வந்து தங்கும் 'பரதேசிகள்' காக்கப்பட வேண்டும் என்கிறது அந்தக் கல். யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. சரக்குக் கப்பலென்றால் பாதிக்குப் பாதி. அன்றைய பரதேசி கடல் கடந்து வந்த வணிகன். இன்று அந்தச் சொல்லால் ஒருவரைக் கூப்பிட்டால் அடி விழும். அன்று பண்டாரம் அரசனின் கருவூலம். இன்று கோயிலில் மாலை கட்டுபவர். சரித்திரக் கதை எழுதப் போகிறவர்கள் இந்த இரண்டு சொற்களையாவது குறித்துக்கொள்ளுங்கள்.

பேச்சுமொழியை அப்படியே அச்சேற்றுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 'நன்றுக் கறி'யை நானே சாப்பிட மாட்டேன். வெட்டுவதற்கு முன்னால் ஏன் என்று ஒரு தரம் கேட்டால் போதும்.

ஒரு வீட்டுவேலை. நயினாதீவுப் படகு புறப்படுகிற இறங்குதுறையைக் 'குறிகட்டுவான்' என்றும் எழுதுகிறார்கள், 'குறிகாட்டுவான்' என்றும் எழுதுகிறார்கள். எது சரி என்று என்னிடம் கேட்க வேண்டாம். அடுத்த முறை படகுக்கு நிற்கும்போது அங்குள்ள வயசாளிகள் மூன்று பேரிடம் கேட்டு, அவர்கள் வாயிலிருந்து வந்தபடியே எழுதிக்கொண்டு வாருங்கள்.