ஊர் கூடிப் போட்ட கரை



"தண்ணீர்ப் பஞ்சம் தீர சர்க்கார்தான் வழி" என்று எதிரணி நண்பர் மேட்டூரைக் காட்டிவிட்டுப் போனார். 1934-இல் கட்டி முடித்த அணை, தஞ்சைக்குச் சோறு போடுகிறது, கும்பிடுகிறேன். ஆனால், கொல்லிமலை அடிவாரத்து மேட்டுக்காட்டுக்குக் காவிரி ஏறி வருமாங்க? (சிரிப்பு) நமக்குக் காவிரி வானத்திலேதான் இருக்கு.

கணக்குப் பாருங்கள். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் மூணு லோடுக்கு மேலே! ஐப்பசியில் அதை ஓடையோடு அனுப்பிவிட்டு, சித்திரையில் குடத்தோடு நிற்கிறோம். (கைதட்டல்)

ராஜஸ்தானில் ஆல்வார் மாவட்டம். 1985-இல் கோபால்புரா கிராமத்துக்கு வைத்தியம் பார்க்கப் போனார் ராஜேந்திர சிங். ஊர்ப் பெரியவர் ஒருவர், "மருந்து வேண்டாம் தம்பி, தண்ணிக்கு வழி பண்ணு" என்கிற மாதிரி சொன்னாராம். அவருடைய தருண் பாரத் சங்கமும் ஊராரும் சேர்ந்து 'ஜோஹட்' தோண்டினார்கள். ஜோஹட் என்றால் சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் போட்ட மண் கரை, அவ்வளவுதான். ஓடுகிற தண்ணி நின்றது, நின்ற தண்ணி மண்ணுக்குள் இறங்கியது, கிணறுகள் ஊறின. ஊர் ஊராகக் கரை எழும்ப, வறண்டு கிடந்த அர்வாரி ஆறே மறுபடியும் ஓடியது! (பலத்த கைதட்டல்) 2015-இல் ஸ்டாக்ஹோம் தண்ணீர் விருது அவரைத் தேடி வந்தது.

"மண் கரைதானே, ஒரே மழையில் உடையாதா?" என்பார் நண்பர். கலிங்கு விடாத கரை உடையும். தூர் வாராத குட்டை மேடாகும். அப்போ யார் பார்ப்பது? சம்பளத்துக்குக் கட்டினவர் மாறுதலில் போய்விடுவார். மண் சுமந்தவன் எங்கே போவான்? மழை ராத்திரியில் லாந்தரோடு கரைக்கு ஓடுகிறவன் அவன்தான்!

இது நமக்கு வடக்கே இருந்து வந்த பாடமில்லை. நம் ஏரிகளைக் காத்தது குடிமராமத்து. குடி என்றதும் சிலர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். அந்தக் குடி இல்லைங்க, குடிமக்கள்! (சிரிப்பு) 2017-இல் அரசே அந்தப் பெயரில் திட்டம் கொண்டுவந்தது. பெயர் திரும்பி வந்தாச்சு. கை திரும்பி வரணும்.

சர்க்கார் பணம் தரட்டும், பொறியாளர் அளந்து தரட்டும். முதல் கூடை மண் ஊரான் தலையில் ஏறட்டும். அப்படிப் போட்ட கரைதான் நிற்கும் என்று சொல்லி, நல்ல தீர்ப்பை வேண்டி அமர்கிறேன். (கைதட்டல்)