வீட்டுப் படத்தில் தரை தெரியவில்லை என்றால்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம வீதிகளில் இப்போது மாடி எடுக்காத வீட்டைத்தான் தேட வேண்டியிருக்கிறது. கீழே குடியிருந்துகொண்டு மேலே வாடகைக்கு விடலாம் என்கிறார் ஒருவர். கீழே நாலு தையல் மெஷினைப் போட்டுவிட்டு மேலே குடியேறலாம் என்கிறார் இன்னொருவர். இன்ஜினியர் படம் கொடுத்ததும் வீட்டுப் பிள்ளைகள் அதை லேப்டாப்பில் ஏற்றி முப்பரிமாணமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் ‘ஸ்வீட் ஹோம் 3டி’ என்ற மென்பொருள்தான். பிரான்ஸ் நாட்டுக்காரர் எம்மானுவேல் புய்பரே எழுதியது, இலவசம். நானும் ஓய்வுக்குப் பிறகு அதைப் பழகி வைத்திருப்பதால், “அண்ணா, சுவர் வருதுங்க, தரை வரமாட்டேங்குதுங்க” என்று மாதத்துக்கு இரண்டு பேராவது வந்துவிடுகிறார்கள். அதனால்தான் செயலாளர் என்னை இன்றைக்குப் பேசச் சொன்னார்.

முதல் குழப்பம் சொல்லில்தான். நமக்குக் காலடியில் இருப்பது தரை, மாடி என்பது தளம். இங்கிலீஷில் இரண்டுக்கும் ‘ஃப்ளோர்’ என்றே பெயர். இந்த மென்பொருளில் மாடிக்கு ‘லெவல்’ என்று தனிச்சொல் இருக்கிறது. ‘ஃப்ளோர்’ என்று எங்கே வந்தாலும் டைல்ஸ் ஒட்டுகிற தரையை, அல்லது காங்கிரீட் பலகையைச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே போய்விடும்.

அடுத்தது, நாலு சுவரையும் வரைந்துவிட்டால் தரை தானாக வராது. சுவர் வேறு, அறை வேறு. ‘கிரியேட் ரூம்ஸ்’ கருவியை எடுத்துச் சுவர்களுக்கு நடுவே இரண்டு முறை தட்டினால் அறை உண்டாகும், அதோடு தரையும் வரும். தட்டியும் வரவில்லையென்றால் ஏதோ ஒரு மூலையில் சுவர்கள் சேரவில்லை என்று அர்த்தம். பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு நூல் இடைவெளி இருக்கும். சேர்த்துவிட்டு மறுபடி தட்டுங்கள். அறை இருந்தும் தரை இல்லையென்றால், அறையை இரண்டு முறை தட்டினால் திறக்கும் பெட்டியில் தரையைக் காட்டும் டிக் எடுபட்டிருக்கும். முப்பரிமாணத்தில் டைல்ஸ் தெரிகிறது, வரைபடத்தில் மட்டும் வெறுமையாக இருக்கிறது என்றால் அது கோளாறே அல்ல. ‘பிரிஃபரன்சஸ்’ போய், அறைகளை வரைபடத்தில் எப்படிக் காட்டுவது என்ற இடத்தில் ஒற்றை நிறத்தை விட்டுத் தரையின் நிறம் அல்லது டெக்ஸ்சர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

தரை மின்னி மின்னி மறைகிறது என்று சொல்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பணம் இருக்கிறது. ஒரே மட்டத்தில் இரண்டு தரை ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தால் எதை மேலே காட்டுவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பார்வையைத் திருப்பத் திருப்ப மாற்றி மாற்றிக் காட்டலாம். அறை வரவில்லை என்று நினைத்து இரண்டாம் தடவை வரைந்தவர்களுக்கு இது வரலாம். ஒன்றை நகர்த்திப் பாருங்கள், அடியில் இன்னொன்று இருந்தால் அழித்துவிடுங்கள். அப்படியே விட்டால் என்ன ஆகும்? 12க்கு 14 அடி அறை 168 சதுர அடி. இரண்டு தரை இருந்தால் இரண்டு அறையின் அளவையும் அது தனித்தனியே எழுதும். இரண்டையும் கூட்டி 336 சதுர அடிக்கு டைல்ஸ் எடுத்தால் பாதி மொட்டை மாடியில்தான் கிடக்கும். 60 சென்டிமீட்டர் சதுர டைல்ஸ் நாலு கொண்ட பெட்டி 15½ சதுர அடி மூடும். 168க்கு 11 பெட்டி, வெட்டுச் சேதாரத்துக்கு ஒன்று சேர்த்து 12 பெட்டி.

டைல்ஸ் படத்தை ஏற்றும்போது அகலம் எவ்வளவு என்று கேட்கும். படத்தில் ஒரு டைல்ஸ் இருந்தால் 60, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருந்தால் 120 போடுங்கள். கேட்டதை அப்படியே விட்டுவிட்டுத்தான் ஹாலில் டைல்ஸ் தவறான அளவில் வருகிறது என்கிறார்கள்.

இனி மாடி. மென்பொருள் தானாக வைத்துக்கொள்ளும் சுவர் உயரம் 250 சென்டிமீட்டர், தளத்தின் கனம் 12. ஆகவே முதல் மாடியை 262இல் நிறுத்திவிடும். நம்ம ஊரில் கூரை 10 அடி, அதாவது 305. பிறகு சுவரை மட்டும் 305 ஆக்கினால், கீழ்வீட்டுச் சுவர் மாடித் தரையைப் பொத்துக்கொண்டு 43 சென்டிமீட்டர் மேலே நிற்கும். மாடியின் லெவலைத் திறந்து அதன் மட்டத்தை 317 ஆக்க வேண்டும், 305ம் 12ம் சேர்ந்தது. முதலிலேயே பிரிஃபரன்சஸில் சுவர் உயரத்தை மாற்றிவிட்டு வரைய ஆரம்பித்தால் இந்த வேலையே இல்லை. மாடி வரைந்ததும் கீழ்த்தரை காணாமல் போய்விட்டது என்பார்கள். போகவில்லைங்க, மாடித் தரை மூடியிருக்கிறது. ‘3டி வியூ’ பட்டியலில் தேர்ந்தெடுத்த லெவலை மட்டும் காட்டு என்று சொன்னால் தெரியும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறு. மூட்டு ஆபரேஷன் ஆன அம்மாவுக்காகக் கீழே ஒரு அறையும் பாத்ரூமும் கட்டும் வீடு ஒன்று நம் பகுதியில் இருக்கிறது. மகன் படத்தைக் காட்டினார். அறையிலிருந்து பாத்ரூம் வரை தரை ஒரே சமமாக, வாக்கர் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி அழகாகத் தெரிந்தது. இன்ஜினியர் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் பாத்ரூம் தரை 3 அங்குலம் இறக்கம். மென்பொருள் பொய் சொல்லவில்லை, ஒரு லெவலில் உள்ள எல்லா அறையின் தரையையும் ஒரே மட்டத்தில்தான் அதற்குக் காட்டத் தெரியும். அறைக்கு அறை மட்டம் மாற்றுகிற வசதி அதில் கிடையாது. இறக்கம் வேண்டுமென்றால் அந்த இடத்துக்கென்று மைனஸ் 7.5 சென்டிமீட்டரில் தனி லெவல் சேர்த்து, பாத்ரூமை அதில் வரைய வேண்டும். மேலே இருக்கும் பழைய பாத்ரூம் தரையை நீக்கவும் மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் பள்ளம் மூடியே இருக்கும். அப்படி வரைந்த பிறகுதான் அந்த வீட்டில் படி கண்ணில் பட்டது. இப்போது இன்ஜினியரிடம் பேசி வாசலில் சரிவு வைக்கிறார்கள், தண்ணீர் வெளியே வராமல் இருக்க உள்ளே தனி வாட்டம். போர்டிகோ, துணி துவைக்கிற இடம், பழைய வீட்டோடு புது அறை சேருகிற வாசல் எல்லாவற்றையும் இந்தக் கண்ணோடு ஒரு தடவை பாருங்கள். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இரண்டு தடவை பாருங்கள்.

தரை, சுவர் ஒன்றுமே வராமல் முப்பரிமாண ஜன்னல் வெறுமையாக இருந்தால் அது உங்கள் வரைபடக் கோளாறு அல்ல. பெரும்பாலும் லேப்டாப்பின் கிராபிக்ஸ் டிரைவர் பழசாகியிருக்கும். அதைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

எதை மாற்றினாலும் ஃபைலை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பேரேட்டில் வித்தியாசம் தேடுகிற முறைதான். நாலு இடத்தில் கை வைத்தால் எது சரியாக்கியது என்று தெரியாது.

மாடிப்படி பற்றி முன்வரிசையில் கேட்டீர்கள். படியைக் கீழ் லெவலில் வைத்து அதன் உயரத்தை மாடித் தரை வரை, நம் கணக்கில் 317 வரை, ஏற்றினால் மேல்தரையில் தானாகத் திறப்பு விழும். குறைவாக இருந்தால் தரை மூடியே இருக்கும். ஆனால் படத்திலுள்ள படிகளை எண்ணிக் கொத்தனாரிடம் சொல்லிவிடாதீர்கள். உயரத்தை இழுத்தால் படிகளின் எண்ணிக்கை கூடாது, ஒவ்வொரு படியும்தான் உயரும். 317 சென்டிமீட்டருக்கு 18 படி வைத்தால் ஒரு படி ஏறக்குறைய 7 அங்குலம் வரும். 15 படியில் முடித்தால் 8 அங்குலத்தைத் தாண்டிவிடும், அது முழங்கால் உள்ளவர்களுக்கு ஆகாது. நேரம் ஆகிவிட்டது, லேப்டாப் கொண்டுவந்தவர்கள் இந்த மேசைக்கு வாருங்கள்.