கைக்கு எவ்வளவு வரும்?

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். மைக் பிடிச்சுப் பழக்கமில்லை. வெளிநாட்டுப் பணம் பத்திப் பேசுன்னு ஊக்குநர் அக்கா சொன்னாங்க, வந்து நிக்கிறேன்.

எங்க வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல கட்டட வேலை. போன புதுசுல உண்டியல்லதான் அனுப்புவார். அங்க ஒருத்தர்கிட்ட டாலரைக் குடுத்தா, இங்க ஒருத்தர் சாயந்தரம் வண்டியில வந்து நோட்டா எண்ணிக் குடுத்துட்டுப் போவார். ரேட்டும் கொஞ்சம் கூட. நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு வருஷம் சம்பா நடவு நேரத்துல 40,000 அனுப்பினார், வரவே இல்லை. நடவுக் கூலி, குழுத் தவணை ரெண்டும் அந்தப் பணத்தை நம்பித்தான். ரசீது கிடையாது. அந்த வழியே சட்டப்படி தப்புங்கறதால யார்கிட்டப் போய்ப் புகார் சொல்றது? கூலிக்குத் தோட்டை அடகு வச்சேன். தவணையை எங்க குழுவில் மத்த பதினோரு பேரும் சேர்ந்து கட்டினாங்க. அவங்க இங்கதான் உட்கார்ந்திருக்காங்க.

அதுக்கப்புறம் ரசீது தர்ற இடத்துல மட்டும்தான். சிராங்கூன் ரோட்டுல பணம் அனுப்புற கடைகள் நிறைய. “கட்டணம் இல்லை”ன்னு சொன்னா உடனே சந்தோஷப்படாதீங்க, ரேட்டுல எடுத்துக்குவாங்க. கணக்குக்குச் சொல்றேன்: 500 டாலர், கட்டணம் இல்லை, ரேட் 61 என்றால் 30,500 ரூபாய். இன்னொரு இடத்துல 4 டாலர் கட்டணம், ரேட் 62. மீதி 496 டாலருக்கு 30,752. கட்டணம் வாங்கினவர்கிட்டதான் 252 ரூபாய் கூட வருது, நம்ம ரெண்டு மாசச் சந்தா! அதனால அவரை ஒரே ஒரு கேள்விதான் கேட்கச் சொல்வேன்: “ஊர்ல கைக்கு எத்தனை ரூபாய் போய்ச் சேரும்?”

அவசரத்துக்கு வெஸ்டர்ன் யூனியன் மாதிரி இடத்துல ரொக்கமா வாங்கலாம். ஆனா ரிசர்வ் வங்கி விதிப்படி 50,000 ரூபாய் வரைக்கும்தான் ரொக்கம், மேல போனா கணக்குலதான் போடுவாங்க.

2023 பிப்ரவரி 21 முதல் சிங்கப்பூர் பேநவ்வும் நம்ம யுபிஐயும் இணைஞ்சிருக்கு. போன்லயே அனுப்பலாம். ஆரம்பிச்சப்ப ஒரு நாளைக்கு 1,000 டாலர் வரைக்கும்னு வச்சாங்க. எல்லா பேங்க்லயும் கிடையாது, ஸ்டேட் பேங்க், இந்தியன் பேங்க், ஐ.ஓ.பி. எல்லாம் முதல்லயே சேர்ந்துச்சு. அங்க அவர் பேங்க்ல உண்டான்னு அவர் கேட்கணும், இங்க நாம கேட்கணும்.

ஒண்ணு மட்டும் நல்லாக் கேளுங்க. பணம் வர்றதுக்கு நாம பின் நம்பர் போடவே வேண்டாம். “பணம் வந்திருக்கு, பின் போடுங்க”ன்னு எவனாவது போன் பண்ணினா வச்சிடுங்க. ஏமாந்துட்டா உடனே 1930க்குப் பேசணும்.

இன்னொண்ணு, பேர். என் பாஸ்புக்ல அப்பா இனிஷியல், ஆதார்ல வீட்டுக்காரர் பேர். அவர் ஆதாரைப் பார்த்து எழுதி அனுப்ப, பேர் ஒத்துவரலைன்னு பணம் திரும்பிப் போயிடுச்சு. மறுபடி வர ஆறு நாள். பள்ளிக்கூடத்துல ஃபீஸுக்குத் தவணை கேட்டு நின்னேன்.

பாஸ்புக், ஆதார் கொண்டு வந்தவங்க சாப்பாடு முடிஞ்சதும் தூணு பக்கம் வாங்க, பேர் சரியா இருக்கான்னு சேர்ந்து பார்ப்போம்.