மற்றும் பலர்

மக்கள் திரளும் அரசும் என்னும் பொருளில் இரண்டு நாள் பேசக் கூடியிருக்கிறோம். வாசிக்கப்படவிருக்கும் கட்டுரைகளை வரிசையாகச் சொல்லிப் பாராட்டுவது தலைமையுரையின் வழக்கம். அந்தப் பாராட்டை அமர்வுத் தலைவர்களிடம் விட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். வீதிக்கு வந்த ஒரு கூட்டத்தை ஊர் போராட்டக்காரர்கள் என்றோ கலவரக்காரர்கள் என்றோ நம்பத் தொடங்குவது எப்போது, யார் சொல்லி?

1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. கடைகள் அடைபட்டன, நகராட்சி அலுவலகம், அஞ்சல் நிலையம், காவல் நிலையம் ஆகியவை தாக்கப்பட்டுத் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள். ஆங்கில அரசின் கோப்புகளில் அந்த நாள் வெறும் கலகம். தண்டக் காவல் படையை நிறுத்தி, அதன் செலவை ஊரார் தலையிலேயே வரியாகவும் சுமத்தினார்கள். இன்று அதே நாளை நாம் நெல்லை எழுச்சி என்று பெருமையோடு நினைவுகூர்கிறோம். எரிந்தது எரிந்ததுதான், அதில் மாற்றமில்லை. எழுதுகிற கை மாறிவிட்டது.

அதே வட்டாரத்தில், 110 ஆண்டுகள் கழித்து, 2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலை விரிவாக்கத்தை எதிர்த்த போராட்டத்தின் நூறாவது நாள். குழந்தைகளும் பெண்களுமாகத் தூத்துக்குடி மக்கள் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள். வாகனங்கள் எரிந்தன. அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். சில நாட்களுக்குள்ளேயே ஒரு விளக்கம் தமிழ்நாடு முழுவதும் பரவிவிட்டது: “சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள்.” ஆட்சியில் இருந்தவர்கள் சொன்னார்கள், மே 30 அன்று ஆறுதல் கூற வந்த நடிகர் ரஜினிகாந்தும் சொன்னார். துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில்தான் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தப்பியோடியவர்களும் சுடப்பட்டதை அது பதிவுசெய்தது. காவல்துறையினர் 17 பேர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. இடையில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. முதல் வாரத்துச் செய்தியைத் தேநீர்க் கடையில் படித்தவர்களில் எத்தனை பேர் ஆணையத்தின் அறிக்கையைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

பொதுமக்களின் கருத்து என்று நாம் அளக்கப் புறப்படுவது பெரும்பாலும் இந்த முதல் வாரத்துக் கருத்தைத்தான். அது தானாக ஊறி வருவதில்லை. அதன் ஊற்றுக்கண் முதல் தகவல் அறிக்கை. அங்கே நாலைந்து பெயர்களுக்குப் பின்னால் “மற்றும் பலர்” என்று இருக்கும். அந்தப் பலரில் யாரை வேண்டுமானாலும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கல்லை எடுத்தவரும், கல்லெடுக்காதே என்று கையைப் பிடித்துத் தடுத்தவரும் அங்கே ஒரே வரியில்தான் நிற்கிறார்கள்.

சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 146ஆம் பிரிவு: சட்டவிரோதக் கூட்டத்தில் யாரேனும் ஓர் உறுப்பினர், அதன் பொதுநோக்கத்தை நிறைவேற்ற வன்முறையில் இறங்கினால், உறுப்பினர் ஒவ்வொருவரும் கலகக் குற்றவாளி. ஐந்து பேர் இருந்தாலே கூட்டம். 1857 கிளர்ச்சியின் அச்சம் தணியாத காலத்தில் வந்த சட்டம் இது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 191ஆம் பிரிவிலும் அதே கருத்து அப்படியே குடியிருக்கிறது. பொதுநோக்கம் என்ன, அதில் யார் பங்காளி என்பதையெல்லாம் நீதிமன்றம் ஆராயும், உண்மைதான். ஆனால் அதற்குள் ஒருவருடைய கடவுச்சீட்டும் அரசு வேலையும் கைநழுவிப் போயிருக்கும்.

கூட்டம் கூடினால் மனிதன் அறிவிழந்து விலங்காகிறான் என்று குஸ்தாவ் லெ பான் 1895இல் எழுதினார். காவல் பயிற்சியிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் இன்றும் அவர்தான் பேசுகிறார். ஆய்வுகள் அவரைக் கைவிட்டு வெகுகாலமாகிறது. 1967இல் அமெரிக்க நகரங்கள் எரிந்தபோது அதிபர் ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம், சதித்திட்டம் எதுவும் இருந்ததாகச் சான்று இல்லை என்று மறு ஆண்டே கூறியது. கலவரத்தில் இறங்கியவர் பெரும்பாலும் அந்த ஊரிலேயே வாழ்ந்துவந்த இளைஞர், இறங்காத அண்டைவீட்டாரைவிடச் சற்றே கூடுதலாகப் படித்தவர் என்றும் கண்டது. ‘வெளியாட்கள் புகுந்தார்கள்’ என்ற கதைக்கு அங்கேயும் ஆதாரம் கிடைக்கவில்லை. 1980இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் செயின்ட் பால்ஸ் பகுதியில் நடந்த கலவரத்தை உளவியலாளர் ஸ்டீபன் ரெய்ச்சர் ஆராய்ந்தார். கூட்டம் காவலர்களைத் தாக்கியது. ஆனால் கண்டதையெல்லாம் தாக்கவில்லை, தன் பகுதியின் எல்லையைத் தாண்டவும் இல்லை. அவரும் கிளிஃபர்ட் ஸ்டாட்டும் பின்னர் காட்டியது இன்னும் முக்கியமானது. எல்லாரையும் ஆபத்தானவர்களாகக் கருதிக் காவல்துறை அடிக்கும்போது, அதுவரை விலகி நின்றவர்களும் கல்லெறிபவர்களோடு ஒன்றாகிவிடுகிறார்கள்.

இதனால் கல்லுக்கு நியாயம் கற்பிக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1960களின் அமெரிக்கப் போராட்டங்களை ஆராய்ந்த ஒமர் வாசோ, அமைதியான போராட்டம் நடந்த இடங்களைச் சுற்றி அதன் கோரிக்கைக்கு ஆதரவு கூடியதையும், வன்முறை வெடித்த இடங்களைச் சுற்றிச் சட்டம் ஒழுங்கு பேசிய கட்சி வாக்கு வாங்கியதையும் காட்டியிருக்கிறார். தலையில் கட்டோடு மருத்துவமனையில் கிடக்கும் காவலரும் ஒரு வீட்டின் பிள்ளைதான். எரித்தவர் தண்டனை பெறட்டும். எரித்தவர் யார் என்று பெயரோடு, சான்றோடு சொல்லும் கடமை அரசுக்கு உண்டு. அதைச் செய்யாமல் ஒட்டுமொத்தக் கூட்டத்தின் மீதும் பழியைப் போடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நமக்கு இருக்கும் வேலை பெரியது. தூத்துக்குடி வழக்குகளில் பல 2021இல் திரும்பப் பெறப்பட்டன. பெயர் சேர்க்கப்பட்டு, நீக்கப்பட்டு, இடைப்பட்ட காலத்தை நீதிமன்ற வாசலில் கழித்தவர்களின் வாய்மொழி வரலாற்றை நம் மாணவர்கள் இப்போதே பதிவுசெய்யத் தொடங்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை, மறுநாள் நாளிதழ், ஆணைய அறிக்கை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் ஆய்வேடுகள் வர வேண்டும். இந்த மாநாட்டிலும் ஒரு கட்டுப்பாட்டை வேண்டிக்கொள்கிறேன். ‘கூட்டம் வன்முறையில் இறங்கியது’ என்று எவரேனும் வாசித்தால், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர், அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் என்ன நடந்தது என்று அமர்வுத் தலைவர்கள் அங்கேயே கேட்க வேண்டும். விடை இல்லையென்றால் கட்டுரையாளர் அந்த வாக்கியத்தைத் திருத்திக்கொள்ளட்டும். முதல் அமர்வை நடத்தித் தருமாறு அதன் தலைவரை அழைக்கிறேன்.