குறை தீரட்டும் என்று காத்திருக்கலாமா?



இன்னும் வளரட்டும் என்று கொழுந்தை விட்டுவைத்தால் முற்றிப் போகும். நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கணினிக்கு நிரல் எழுதும் நம் பிள்ளைகளோ, “இன்னும் ஒரு குறை இருக்கிறது” என்று செய்ததை வெளியே விடாமல் பூட்டி வைக்கிறார்கள்.

சிங்கப்பூரில் நடந்ததைப் பாருங்கள். எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1995இல் அங்கே தமிழ் இணையத்தில் ஏறியது. அன்று எல்லோருக்கும் பொதுவான எழுத்துமுறை கிடையாது. ஒருவர் அனுப்பிய மடல் மற்றவர் திரையில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். தமிழ் புழக்கத்துக்கு வந்ததால்தான் அந்தக் குறை பலர் கண்ணிலும் பட்டது. அதைப் பேசித் தீர்க்க 1997 மே மாதம் சிங்கப்பூரிலேயே கருத்தரங்கு கூடியது. 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. அதே ஆண்டு கோவிந்தசாமி மறைந்தார். எல்லாம் சரியாகட்டும் என்று அவர் இருந்திருந்தால், அவர் ஆயுளில் தமிழை இணையத்தில் ஏற்றியிருக்க முடியுமா?

அதற்காக எதையும் அரைகுறையாகக் கொடுக்கலாம் என்பதல்ல. எழுதியதை அழிக்கும் பிழையையும் கணக்கைத் தவறவிடும் பிழையையும் முதலில் நீக்க வேண்டும். அழகும் கூடுதல் வசதியும் பிறகு வரட்டும். நாலு பேரிடம் கொடுப்போம். அவர்கள் சொல்லும் குறையைக் குறித்துக்கொள்வோம். திருத்தி மறுபடி கொடுப்போம்.