இது சோறு போடுமா?

(திருவொற்றியூர் பகுதி ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என்னைப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். புதிய கற்பித்தல் உத்தி எதையும் நான் கொண்டுவரவில்லை. நான் செய்த ஒரு தவறையும், அதைத் திருத்திக்கொள்ள எனக்குக் கிடைத்த வாய்ப்பையும் பற்றிச் சொல்லப் போகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளிக்கு ஒரு முன்னாள் மாணவர் வந்தார். அவருடைய அப்பா துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டியவர். மகன் இப்போது தரமணியில் மென்பொருள் பொறியாளர். "மிஸ், பசங்களுக்கு ஒரு விளையாட்டு சொல்லித் தரணும். ஒரு மணி நேரம் கிரவுண்டு வேணும்" என்றார். தலைமையாசிரியர் அனுமதி தந்தார்.

விளையாட்டின் பெயர் ஓரியன்டீரிங். கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. வரைபடத்தில் குறித்த இடங்களில் ஆரஞ்சும் வெள்ளையுமான கொடிகள் இருக்கும். அவற்றை வரிசைப்படி கண்டுபிடித்துக் குறைந்த நேரத்தில் முடிக்க வேண்டும். எந்த வழியில் போவது என்பதை ஓடுபவரே முடிவு செய்யலாம். 1897-இல் நார்வேயில், இன்றைய ஆஸ்லோ நகருக்கு அருகே, பொதுமக்களுக்கான முதல் போட்டி நடந்தது. 1961-இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவானது. 1966-இல் பின்லாந்தில் முதல் உலகப் போட்டி நடந்தது.

அவர் எங்கள் பள்ளியையே வரைந்து கொண்டுவந்திருந்தார். வேப்பமரம், தண்ணீர்த் தொட்டி, சைக்கிள் ஷெட், சத்துணவுக் கூடம் எல்லாம் அதில் இருந்தன. பன்னிரண்டு கொடிகள் கட்டினார். எங்கள் ஓட்டப்பந்தய வீரர்கள் பாய்ந்து ஓடி, வழி தப்பி, திரும்பி வந்தார்கள். முதலில் முடித்தவர் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவள் பாதி தூரம் நடந்தே போனாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, தான் பார்க்கும் திசைக்கு வரைபடத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் சமூக அறிவியல் ஆசிரியை. என் தேர்வுகளில் அந்த மாணவி வரைபட வினாவைப் பெரும்பாலும் எழுதாமலேயே விட்டுவிடுவாள். அவளுக்கு வரைபடம் வராது என்று நினைத்திருந்தேன். எந்தப் புள்ளியை எங்கே வைப்பது என்ற மனப்பாடம்தான் அவளுக்கு வரவில்லை என்று அன்று தெரிந்தது.

பிறகு டீ குடிக்கும்போது அந்த முன்னாள் மாணவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "மிஸ், ஞாபகம் இருக்கா? பிளஸ் டூல என் நோட்டை வாங்கி வச்சுக்கிட்டீங்க."

நினைவு வந்தது. மாடவீதியிலிருந்து கடற்கரை வரை உள்ள சந்துகளை எல்லாம் அந்த நோட்டில் வரைந்து வைத்திருந்தார். மழை பெய்தால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றால் எந்தச் சந்து வழியாக வெளியே போகலாம் என்றெல்லாம் குறித்திருந்தார். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு அதை வாங்கி வைத்துக்கொண்டு, "இதெல்லாம் சோறு போடுமாடா? முதல்ல கட்-ஆஃப் வாங்கு" என்றேன்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் பகுதியில் ஒரு பிள்ளை பொறியாளரானால் ஒரு குடும்பமே நிமிர்ந்து நிற்கும். அவரும் கட்-ஆஃப் வாங்கினார், படித்தார், வேலையும் கிடைத்தது. ஆனால் நான் நோட்டைத் திருப்பித் தரவில்லை. அது எங்கே போனது என்றும் எனக்குத் தெரியாது. அதன் பிறகு ஏழு ஆண்டுகள் அவர் ஒரு வரைபடம்கூட வரையவில்லை.

"வேலை நல்லாத்தான் இருந்துச்சு மிஸ். மூணாவது வருஷம் ராத்திரித் தூக்கம் போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் திரும்ப வரைய ஆரம்பிச்சேன்" என்றார். முதலில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தில் நம் சந்துகளைச் சேர்த்திருக்கிறார். யார் வேண்டுமானாலும் சேர்க்கவும் திருத்தவும் கூடிய வரைபடம் அது. அதிலிருந்து இந்த விளையாட்டுக்கு வந்திருக்கிறார்.

வேலையையும் இதையும் எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டேன். வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் முக்கால் மணி நேரம் ஓட்டம். மெட்ரோவில் போகும்போது பழைய வரைபடங்களைப் படிப்பது. சனிக்கிழமை காலையில் முழுப் பயிற்சி. இரவில் அழைப்பு வந்தால் எடுத்தே ஆக வேண்டிய முறை அவருக்கு வரும் வாரத்தில் பயிற்சியே கிடையாது. இதை முதல் நாளே தன் குழுத் தலைவியிடம் சொல்லிவிட்டார். அவரும், "சனிக்கிழமை உன்னுடையது. வெள்ளிக்கிழமை ஏதாவது உடைந்தால் சரிசெய்துவிட்டுத்தான் போக வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார். கூடச் சேர்ந்தவர்களைவிடப் பதவி உயர்வு ஓர் ஆண்டு தாமதமாகத்தான் வந்ததாம். அதையும் மறைக்காமல் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். வழி தவறினால் மேலும் ஓடக் கூடாது. கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். நிரலில் பிழை தேடும்போதும் அதையேதான் செய்கிறாராம்.

அந்தக் குழுத் தலைவியைப் பற்றிக் கேட்டபோது எனக்கு நம் துறைமுகத்தில் நடந்த ஒரு பழைய செய்தி நினைவுக்கு வந்தது.

1912 மார்ச் 1-ஆம் நாள், மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் ஓர் இளைஞர் எழுத்தராகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். கணிதத்தைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காமல் கல்லூரித் தேர்வில் தோற்றவர். அவர்தான் ராமானுஜன். மேலதிகாரியான தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் முன்பு கணித விரிவுரையாளராக இருந்தவர். 'நோட்டை மூடி வைத்துவிட்டுக் கணக்கைப் பார்' என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் மாலை வேளைகளில் திருவல்லிக்கேணியில் தம் வீட்டில், ஆளுக்கொரு சிலேட்டுடன், ராமானுஜனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கையும் அக்கறைகொள்ள வைத்தார். 1913 ஜனவரி 16-இல் ராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் வாங்கும் துறைமுக எழுத்தர் என்றுதான் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். அதே ஆண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. துறைமுகம் அவரை விடுப்பில் அனுப்பியது.

நம் பிள்ளைகள் எல்லோரும் ராமானுஜன் ஆக வேண்டியதில்லை. என் மாணவரும் உலகப் போட்டிக்குப் போகவில்லை. நான் சொல்ல வருவது வேறு. வேலையையும் விருப்பத்தையும் ஒருவர் சேர்த்து நடத்த வேண்டுமானால், அவருடைய உழைப்பு மட்டும் போதாது. மேலே இருப்பவர் கொஞ்சம் இடம் விட வேண்டும். ஒரு பிள்ளைக்கு மேலே இருக்கும் முதல் அதிகாரி நாம்தான்.

போன மாதம் அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவியின் அம்மா வந்தார். காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். "எந்நேரமும் ரோட்டை வரைஞ்சிட்டுக் கிடக்குது மிஸ். நீங்க ஒரு வார்த்தை கண்டிச்சு சொல்லுங்க" என்றார். அவருடைய கவலை நியாயமானது. நாங்கள் மூவரும் உட்கார்ந்து ஒரு கால அட்டவணை எழுதினோம். வாரத்தில் இரண்டு மாலை வரைபடத்துக்கு. தேர்வு மாதத்தில் ஒரு மாலை. மற்ற நேரம் படிப்பு. மதிப்பெண் குறைந்தால் மூவரும் மீண்டும் உட்கார்ந்து பேசுவோம். அம்மா முழுமனதோடு ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். "பார்க்கலாம் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். நோட்டு அவளிடமே இருக்கிறது.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். யாரும் சொல்லாமலே பிள்ளை என்ன செய்கிறது என்று கேட்டு, வகுப்பாசிரியர் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். ஏதாவது பொருளை வாங்கி வைக்க நேர்ந்தால், எந்தத் தேதியில் திருப்பித் தருவீர்கள் என்று அப்போதே சொல்லி, அந்தத் தேதியில் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் பள்ளியின் பழைய பீரோக்களில் அந்த நோட்டை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் தரமணிக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.