பொதுப் பானையில் நம் பங்கு

(கல்யாணில் நடந்த தமிழ் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசிய பேச்சு)

 

போன கூட்டத்தில் ஓர் அக்கா ஒரு கேள்வி கேட்டார். அவர் வீட்டு வேலைக்குப் போகிறவர். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறார். கடையில் கொடுத்த ரசீது அவர் கையில் இருந்தது.

"சார், இதில் வரி என்று போட்டிருக்கிறது. நான் இருப்பது கல்யாண். என் ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் வரி எந்த ஊருக்குப் போகிறது?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. படித்தவர்கள் பலரும் கேட்காத கேள்வி. இன்று அதைப் பற்றியே பேசுவோம்.

ரசீதில் இரண்டு வரி

அந்த ரசீதின் அடியைப் பாருங்கள். சி.ஜி.எஸ்.டி. என்று ஒரு வரி இருக்கும். எஸ்.ஜி.எஸ்.டி. என்று இன்னொரு வரி இருக்கும். இரண்டும் ஒரே தொகையாக இருக்கும்.

இந்த முறை 2017 ஜூலை 1 முதல் நடக்கிறது. முதல் வரி மத்திய அரசுக்கு. இரண்டாவது வரி மாநில அரசுக்கு. எந்த மாநிலத்துக்கு? பொருளை வாங்கிய மாநிலத்துக்கு.

சிவகாசியில் செய்த தீப்பெட்டியைக் கல்யாணில் வாங்குகிறோம். தீப்பெட்டி நம் ஊர்தான். ஆனால் மாநிலத்துக்கு உரிய வரி மகாராஷ்டிரத்துக்குப் போகும். தமிழ்நாட்டுக்குப் போகாது. இங்கே நடக்கும் சாலை, இங்கே பிள்ளை படிக்கும் பள்ளி, இங்கே உள்ள ஆஸ்பத்திரி, இவற்றுக்கு உதவும் பணம் அது.

ஆக, அக்காவின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. மறு பாதி டில்லிக்குப் போகிறது. அது அங்கேயே தங்கிவிடுமா? தங்காது. அதில் ஒரு பகுதி திரும்பி வர வேண்டும். அது சட்டம்.

பொதுப் பானை

மத்திய அரசுக்குப் பல வழிகளில் வரி வருகிறது. சம்பளக்காரர் கட்டும் வருமான வரி வருகிறது. கம்பெனிகள் கட்டும் வரி வருகிறது. வெளிநாட்டுச் சரக்குக்குச் சுங்க வரி வருகிறது. நம் ரசீதில் உள்ள பாதியும் வருகிறது. எல்லாம் ஒரு பெரிய பானையில் சேருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

பெரிய வரிகளைப் போடும் உரிமை டில்லியிடம் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போலீஸ், குடிநீர், விவசாயம் போன்ற வேலைகள் பெரும்பாலும் மாநிலங்களிடம் இருக்கின்றன. வரவு ஒரு பக்கம் அதிகம். செலவு இன்னொரு பக்கம் அதிகம். அதனால்தான் பங்கு பிரிக்க வேண்டியிருக்கிறது.

"டில்லி எங்களுக்குக் கொடுத்தது" என்று சிலர் பேசுவார்கள். அது தானம் அல்ல. தர்மமும் அல்ல. நாம் போட்ட அரிசி பானையில் வெந்து திரும்பி வருகிறது. அவ்வளவுதான்.

யார் பிரிக்கிறார்கள்?

நம் அரசியல் சட்டத்தில் 280 என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதன்படி ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு குழு அமைக்க வேண்டும். அதன் பெயர் நிதிக் குழு. செய்தியில் பைனான்ஸ் கமிஷன் என்று சொல்வது இதைத்தான்.

முதல் குழு 1951-இல் அமைந்தது. அதன் தலைவர் கே.சி. நியோகி. இரண்டாவது குழுவின் தலைவர் நம் தமிழர், கே. சந்தானம். நான்காவது குழுவின் தலைவர் பி.வி. ராஜமன்னார். அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். பின்னர் 1969-இல் தமிழ்நாடு அரசு மத்திய, மாநில உறவை ஆராய ஒரு குழு அமைத்தது. அதற்கும் அவரே தலைவர்.

15-வது குழு 2026 மார்ச் வரையிலான பங்கைச் சொன்னது. 16-வது குழு 2023 டிசம்பர் 31 அன்று அமைந்தது. தலைவர் அர்விந்த் பனகாரியா. 2026 ஏப்ரல் முதல் ஐந்து ஆண்டுகளுக்கான பங்கைச் சொல்வது அதன் வேலை.

நிதிக் குழு இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பானையில் இருந்து எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து எவ்வளவு? இது முதல் கேள்வி. அதில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு? இது இரண்டாவது கேள்வி.

15-வது குழு முதல் கேள்விக்குச் சொன்ன பதில் இது: நூறு ரூபாய் இருந்தால் 41 ரூபாய் மாநிலங்களுக்கு. மீதி 59 ரூபாய் மத்திய அரசுக்கு.

எப்படிப் பிரித்தார்கள்?

இரண்டாவது கேள்விதான் கடினம். 28 மாநிலங்கள் இருக்கின்றன. எல்லோருக்கும் சமமாகக் கொடுக்க முடியுமா? கோவா சிறியது. உத்தரப் பிரதேசம் பெரியது. ஆகவே குழு சில அளவுகோல்களை வைக்கிறது. ஒவ்வொரு குழுவும் இவற்றைக் கொஞ்சம் மாற்றும். 15-வது குழு வைத்ததைப் பார்ப்போம்.

மாநிலங்களுக்கு என்று பிரித்த பணத்தை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

45 ரூபாயை ஏழ்மையைப் பார்த்துப் பிரித்தார்கள். தலைக்குச் சராசரி வருமானம் குறைந்த மாநிலத்துக்கு அதிகம்.
15 ரூபாயை மக்கள் தொகையைப் பார்த்துப் பிரித்தார்கள்.
15 ரூபாயை நிலப் பரப்பைப் பார்த்துப் பிரித்தார்கள்.
10 ரூபாயைக் காட்டைப் பார்த்துப் பிரித்தார்கள். காடு காக்கும் மாநிலத்துக்கு அது கூலி.
12 ரூபாய் 50 காசை மக்கள் தொகைப் பெருக்கத்தைக் குறைத்த மாநிலங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும்படி பிரித்தார்கள்.
2 ரூபாய் 50 காசை வரியை ஒழுங்காக வசூலிக்கும் முயற்சிக்காகப் பிரித்தார்கள்.

கூட்டிப் பாருங்கள். நூறு ரூபாய் வரும்.

கடைசியில் யாருக்கு எவ்வளவு கிடைத்தது? உத்தரப் பிரதேசத்துக்கு ஏறக்குறைய 18 ரூபாய். பீகாருக்கு 10 ரூபாய். மகாராஷ்டிரத்துக்கு 6 ரூபாய் 32 காசு. தமிழ்நாட்டுக்கு 4 ரூபாய் 8 காசு. கேரளாவுக்கு 2 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு.

மூத்த பிள்ளையின் மனக்குறை

இதைக் கேட்டதும் உங்கள் முகம் மாறுகிறது. எனக்குத் தெரிகிறது. "நாம் உழைக்கிறோம், அவர்கள் வாங்கிக்கொள்கிறார்களா?" என்று தோன்றும்.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூத்த மகன் கல்யாணில் வேலை செய்து ஊருக்குப் பணம் அனுப்புகிறான். அம்மா அதை எப்படிச் செலவு செய்கிறாள்? நோயாளித் தம்பிக்கு மருந்து வாங்குகிறாள். வாழ வழியில்லாத மகளுக்குக் கொஞ்சம் கொடுக்கிறாள். அது தப்பா? தப்பில்லை. அதுதான் குடும்பம்.

ஆனால் மூத்தவன் குடிசையும் ஒழுகுகிறது. அவன் பிள்ளைக்கும் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். "எனக்கும் கொஞ்சம் விட்டு வை அம்மா" என்று அவன் சொன்னால், அதுவும் தப்பில்லை.

தமிழ்நாட்டின் மனக்குறை இப்படிப்பட்டது. "நாம் இருவர், நமக்கு இருவர்" என்று சுவரெல்லாம் எழுதியது நினைவிருக்கிறதா? சிவப்பு முக்கோணம் நினைவிருக்கிறதா? அரசு சொன்னதைத் தமிழ்நாடு கேட்டது. 1971-இல் ஆயிரம் இந்தியரில் 75 பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். 2011-இல் 60 பேர்தான்.

முன்பு நிதிக் குழுக்கள் 1971-ஆம் ஆண்டின் மக்கள் தொகையையே முக்கியமாகக் கணக்கில் எடுத்தன. 15-வது குழு 2011-ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்தது. "சொன்னதைக் கேட்டதற்குத் தண்டனையா?" என்று தென் மாநிலங்கள் கேட்டன. அதற்கு ஈடாகத்தான் அந்த 12 ரூபாய் 50 காசு வந்தது. அது போதுமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

மறு பக்கமும் பாருங்கள். நம் கல்யாண் ஸ்டேஷனில் ரயில் பாதை இரண்டாகப் பிரிகிறது. கர்ஜத் பக்கம் போகும் பாதையில் சென்னை வண்டி போகிறது. கசாரா பக்கம் போகும் பாதையில் பீகார் வண்டி போகிறது. இரண்டு வண்டிக்கும் ஒரே இடத்தில் மூட்டையோடு காத்திருக்கிறோம். அந்தப் பீகார்த் தம்பி ஏன் இங்கே வந்தான்? அவன் ஊரில் வேலை இல்லை. நம் தாத்தா ஏன் தாராவிக்கு வந்தார்? அதே காரணம்தான். அவன் ஊரில் நல்ல பள்ளி வந்தால், ஆஸ்பத்திரி வந்தால், அவன் நாடோடியாக அலைய வேண்டாம். ஆகவே சண்டை அவனோடு அல்ல. பங்கு நியாயமா, வந்த பங்கு ஏழைக்குச் சேர்ந்ததா என்பதே கேள்வி.

பானைக்கு வெளியே

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். செஸ், சர்சார்ஜ் என்று சில வரிகள் உண்டு. இவற்றை வரி மேல் வரி என்று சொல்லலாம். இவற்றை மத்திய அரசு மாநிலங்களோடு பங்கு போட வேண்டியதில்லை. இவை பானைக்குள் வருவதே இல்லை. ஆகவே நூற்றுக்கு 41 என்று சொன்னாலும், மொத்த வரியில் கணக்குப் பார்த்தால் மாநிலங்களுக்கு அதைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. பல மாநிலங்கள் இதை எதிர்த்துப் பேசுகின்றன.

திட்டங்கள் வழியாகவும் பணம் வருகிறது. பல திட்டங்களில் மத்திய அரசு நூற்றுக்கு 60 ரூபாய் போடும். மாநிலம் 40 ரூபாய் போட வேண்டும். வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமயமலை மாநிலங்களுக்கும் மத்திய அரசு 90 ரூபாய் போடும். இந்தப் பணத்தை அந்தத் திட்டத்துக்கு மட்டுமே செலவு செய்யலாம். வரிப் பங்கு அப்படி அல்ல. அதை மாநிலம் தன் விருப்பப்படி செலவு செய்யலாம்.

கல்யாணுக்கு வருவது

டில்லிப் பணம் மாநிலத்தோடு நின்றுவிடாது. நகரங்களுக்கும் கிராமங்களுக்கும் எவ்வளவு தரலாம் என்றும் நிதிக் குழு சொல்கிறது. 15-வது குழு 2021 முதல் 2026 வரை நகரங்களுக்குச் சுமார் 1 லட்சத்து 21 ஆயிரம் கோடி ரூபாய் சொன்னது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள பெருநகரப் பகுதிகளில் அந்தப் பணம் சுத்தமான காற்று, குடிநீர், கழிவு அகற்றல், குப்பை ஆகியவற்றுக்கு. கல்யாண்-டோம்பிவிலியில் 2011-இலேயே 12 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். ஆதார்வாடிக் குப்பை மேட்டை அறியாதவர் இங்கே யார்? குப்பைக்கு என்று எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

யாரிடம் கேட்பது? நம் வார்டு உறுப்பினரிடம். இங்கே 2015-இல் மாநகராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடந்தது. ஓட்டுக் கேட்டு வந்தவர் முகம் இன்னும் மறந்திருக்காது. அவரிடம் கேளுங்கள். எழுதிக் கேளுங்கள். 2005-இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும்.

தலை எண்ணும் நாள்

கடைசியாக ஒன்று. பங்கு பிரிக்கத் தலைக்கணக்கு வேண்டும். 2021-இல் நடக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. அதனால் 2011-க்குப் பிறகு கல்யாணுக்கு வந்த குடும்பம், பிறந்த பிள்ளை, யாருமே 15-வது குழு எடுத்த கல்யாண் கணக்கில் இல்லை. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்ற நாளை அரசு அறிவித்திருக்கிறது.

வழக்கமாக எங்கே வசிக்கிறோமோ அங்கேதான் நம்மை எண்ணுவார்கள். கணக்கெடுப்பவர் கதவைத் தட்டும்போது, "நாங்கள் வெளியூர்க்காரர்கள்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஊரில் பெயர் இருக்கும் என்று இங்கே விட்டுவிடுவோம். ஊரில், "அவர்கள் பம்பாயில் இருக்கிறார்கள்" என்று விட்டுவிடுவார்கள். இரண்டு இடத்திலும் நாம் இல்லாமல் போவோம். எண்ணாத தலைக்குப் பங்கு இல்லை.

அக்காவின் கேள்விக்கு இப்போது முழுப் பதில் சொல்லலாம். அக்கா, உங்கள் வரியில் பாதி நீங்கள் வாழும் மகாராஷ்டிரத்துக்கு. மறு பாதி டில்லிப் பானைக்கு. அந்தப் பானையில் இருந்து பீகாருக்கும் போகிறது, உங்கள் திருநெல்வேலிக்கும் கொஞ்சம் போகிறது, இந்தக் கல்யாணுக்கும் வருகிறது. பானையில் நீங்களும் அரிசி போட்டிருக்கிறீர்கள். அதனால் அகப்பை பிடிப்பவரைக் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.



கூடிப் பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் உள்ள ஒரு கடை ரசீதை எடுத்து வாருங்கள். அதில் மத்திய அரசுக்கு எவ்வளவு? மாநில அரசுக்கு எவ்வளவு?
2. ஏழை மாநிலத்துக்கு அதிகம் கொடுப்பது சரியா? குடும்பக் கட்டுப்பாடு செய்த மாநிலத்துக்கு அதிகம் கொடுப்பது சரியா? உங்கள் கருத்து என்ன?
3. குடிநீர் அல்லது குப்பை பற்றி உங்கள் வார்டு உறுப்பினருக்கு ஐந்து வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள்.